இரண்டாவது ஆள்

கேருபோவின் இடது கையில் மூன்று விரல்கள் மடங்காது. எலும்பு கூடிவிட்டது, வளையத்தான் மறுக்கிறது. சுத்தியலால் அடித்தார்கள். எங்கள் கம்பெனிக்காக அவள் தேர்ந்தெடுத்த ஒரு கருவிதான் அந்த அடிக்குக் காரணம்.

நைரோபியில் எங்கள் வேலை லாரிகளைக் கண்காணிப்பது. மொம்பாசா துறைமுகத்தில் சரக்கேற்றிக் கம்பாலா வரை போகும் லாரிகள். ஒவ்வொன்றிலும் இருக்கும் சின்னப் பெட்டி, வண்டி எங்கே நிற்கிறது என்று சொல்லிக்கொண்டே வரும். அந்தத் தகவலெல்லாம், சர்வர்களை வாடகைக்கு விடும் இரண்டு வெவ்வேறு கிளவுட் கம்பெனிகளிடம் இருந்தது. கென்ய வாடிக்கையாளர்கள் ஒன்றைக் கேட்டார்கள். உகாண்டாக்காரர்கள் மற்றதில்தான் வைக்க வேண்டும் என்றார்கள். இரண்டையும் கட்டி மேய்த்தவர்கள் கேருபோவும் முசெம்பியும். கேருபோ கீசி மலைப் பக்கத்துப் பெண். குரல் பெரிது, பொறுமை சிறிது. முசெம்பி எதையும் கையாலேயே சட்டென்று முடித்துவிடுகிற ஆள்.

ஒரு மழைக்காலத்தில் யாரோ தவறுதலாக ஒரு சர்வரை அழித்துவிட்டார்கள். காலை முழுக்க ஒரு லாரியும் எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. அன்றைக்கென்று மொம்பாசா சாலையில் சுல்தான் ஹமூத் என்ற ஊர்ப் பக்கம் கொள்ளையர்கள் ஒரு லாரியை மடக்கினார்கள். டிரைவர் முட்டுங்காவை முள்மரத்தில் கட்டி வெட்டிப் போட்டிருந்தார்கள். நாங்கள் கண்டுபிடித்தபோது மரத்தடி மண் கறுத்துக் காய்ந்திருந்தது. சர்வரை அழித்த கை யாருடையது என்று கடைசிவரை தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் கேருபோ இரண்டு கிளவுடையும் ஒன்றாகப் பார்த்துக்கொள்ளும் பொதுவான மென்பொருள் கருவி வேண்டும் என்று நின்றாள். முசெம்பிக்கு இஷ்டமில்லை.

"ரெண்டு கம்பெனியும் அவனவன் கருவியைக் குடுத்திருக்கான். ரெண்டு மாட்டுக்கும் ஒரே மூக்கணாங்கயிறு எதுக்கு?"

"மாடு ரெண்டும் ஒரே வண்டியைத்தானே இழுக்குது."

பலவற்றைப் பரிசோதித்துத் தள்ளினாள். ஒன்று ஒரு கம்பெனியோடுதான் ஒட்டியது. இன்னொன்று கேட்டதைச் செய்தது, ஆனால் செய்ததோடு மறந்துவிட்டது. கடைசியில் எடுத்த கருவி பிடிவாதக்காரக் கருவி. என்னென்ன இருக்க வேண்டும் என்று எழுதி வைத்தால் இரண்டு கிளவுடிலும் அதை அப்படியே நிறுத்தும். யாராவது கையால் எதையாவது அழித்தால் சற்று நேரத்தில் திரும்பக் கட்டிவிடும். எழுதியதை மாற்ற ஒருவர் போதாது. இன்னொருவர் ஒப்புதல் தர வேண்டும்.

"அப்போ ஒண்ணுக்குப் போறதுக்கும் உங்கிட்ட ஒப்புதல் வாங்கணுமா?" என்றான் முசெம்பி.

"உன் கையைப் பாத்தாத்தான் எனக்குப் பயம்."

மறு வருஷம் ஒரு சனிக்கிழமை மத்தியானம், ரொங்காயில் தலை பின்னிக்கொண்டு சலூனை விட்டு வெளியே வந்தவளைக் காருக்குள் இழுத்துப் போட்டார்கள். லேப்டாப் பை தோளில் இருந்தது; அவசர வேலைக்காக எப்போதும் கூடவே வைத்திருப்பாள். கிட்டெங்கேலாவைத் தாண்டிப் பாதி கட்டிய ஒரு கல் வீடு. மூன்று ஆட்கள். தலைவன் வழுக்கைத் தலையன், மரியாதையாகப் பேசினான்.

"மேடம், ரெண்டு கிளவுடையும் அணைச்சிடுங்க. சாயங்காலம் உங்களை வீட்டுல விட்டுடறோம்."

முகத்தில் ஒரு குத்து விழுந்த பிறகு அவள் அணைத்தாள். அவன் கையிலிருந்த போனில், சரக்கு முதலாளி தன் லாரியைப் பார்க்கும் பக்கம் திறந்திருந்தது. லாரிப் புள்ளி மறைந்ததும் அவன் சிரித்தான். அது திரும்பி வந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். சொல்லவில்லை. பயத்தில் நாக்கு எழவில்லை என்கிறாள். முசெம்பி அதை நம்புவதில்லை.

அலுவலகத்தில் நானும் முசெம்பியும் இருந்தோம். திரை வெறிச்சோடியது. சற்று நேரத்தில் லாரிகள் ஒவ்வொன்றாக மறுபடி முளைத்தன. அழித்தது யார் என்று முசெம்பி பார்த்தான்.

"கருவியைத் தாண்டி நேரா உள்ளே போற கேருபோவோட அவசரச் சாவி. கையாலே அழிச்சிருக்கா."

"கேருபோவா? கையாலயா?"

"அதான். அவ கழுத்துல கத்தி இருக்கு. போலீஸுக்குப் போடு."

திரையில் ஒரு லாரி மட்டும் எமாலிக்கு அப்பால் ரோட்டை விட்டுப் புதருக்குள் இறங்கியிருந்தது. பராசா ஓட்டும் வண்டி. அதையும் போலீஸிடம் சொன்னேன்.

கல் வீட்டில் புள்ளி திரும்பி வந்ததைத் தலைவன் பார்த்துவிட்டான். மறுபடி அணைக்கச் சொன்னான், மறுபடி வந்தது.

"எங்கிட்ட விளையாடுறீங்க, மேடம்."

அவள் இடது கையைச் செங்கல் மேல் வைத்து ஒருவன் மிதித்துக்கொண்டான். முதல் அடியில் உண்மையைச் சொன்னாள்: அதை நிறுத்த இரண்டு பேர் வேண்டும். யார் அந்த இரண்டாவது ஆள் என்று கேட்டான். இரண்டாவது அடியில் பல்லைக் கடித்தாள். மூன்றாவதில் பெயரைச் சொன்னாள்.

முசெம்பியின் போன் அடித்தது.

"நீதான் ரெண்டாவது ஆளா? இவ உயிர் வேணும்னா லாரியை மறைய வை." பிறகு கேருபோவின் அலறல். அந்தச் சத்தத்தை நான் எழுத மாட்டேன்.

"எழுதிக்கிட்டிருக்கேன். அவளை விடு," என்றான் முசெம்பி. போனைப் பொத்திக்கொண்டு என்னிடம் முணுமுணுத்தான்: "இவன் நம்ம திரையைப் பாக்க முடியாது. புள்ளி தெரியுதுன்னா சரக்குக்காரன் பக்கத்தைத்தான் பாக்குறான்."

ஒரே ஒரு வரி எழுதினான். அந்தச் சரக்குக்காரரின் பக்கத்தில் மட்டும் பராசாவின் லாரி மறையும். எங்களுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும்.

"ஒப்புதலை நீ குடு." அந்த உரிமை எனக்கும் இருந்தது.

இது ஏமாற்று என்று தலைவன் கண்டுபிடித்துவிட்டால் அவளைக் கொன்றுவிடுவான். அழுத்தினேன்.

அவன் பக்கத்தில் புள்ளி மறைந்தது. பிறகு, "போச்சு. நல்ல பையன்," என்று வைத்துவிட்டான்.

போலீஸ் புதருக்குள் போனபோது பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். துப்பாக்கிச் சண்டையில் கொள்ளையர் இருவர் அங்கேயே விழுந்தார்கள். ஒருவன் தப்பினான். பிடிபட்ட இன்னொருவன் கல் வீட்டைக் காட்டிக்கொடுத்தான். பராசா மண்டை பிளந்து லாரிக்கடியில் கிடந்தான், உயிர் இருந்தது. கல் வீட்டின் கதவை உடைத்தபோது மற்ற இருவரும் கையைத் தூக்கிவிட்டார்கள், தலைவன் துப்பாக்கியோடு எதிரே வந்தான். சுட்டார்கள். கட்டிப் போட்டிருந்த கேருபோவின் மேலேயே அவன் விழுந்தான். அவனைப் புரட்டி எடுக்கும்வரை அவள் கண்ணுக்குள் அவன் இரத்தம் வடிந்துகொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் முசெம்பியைப் பார்த்ததும் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் நிஜமாகவே எல்லாவற்றையும் அணைத்துவிட்டான் என்று நினைத்திருந்தாள்.

"ரெண்டு பேருமாச் சேந்து பராசாவைக் கொன்னுட்டோம்ல?"

"வாயை மூடு. பக்கத்து வார்டுல கஞ்சி சரியில்லைன்னு சண்டை போட்டுக்கிட்டிருக்கான்."

அப்போதுதான் அழுதாள். அவனும் அழுதான், சுவரைப் பார்த்துக்கொண்டு.

வேலைக்குத் திரும்பியவள் முதலில் கேட்டது, கருவியை மறுபடி பரிசீலிக்க ஒரு கூட்டம். அந்தக் கருவிதான் டிரைவரைக் காப்பாற்றியது என்று எங்கள் முதலாளி புகழ்ந்தார்.

"கருவி நல்லாத்தான் வேலை செஞ்சுது, சார்," என்றாள். "அதைப் பிடிச்சிருக்கிற ஆளை ஒருத்தன் அடிச்சா என்ன ஆகும்னு நாம யாரும் கேக்கல. நானும் கேக்கல."

கருவியை மாற்றவில்லை. ஆனால் முசெம்பியின் அந்த ஒற்றை வரியை நிரந்தரமாக உள்ளே வைத்தாள். மிரட்டலில் அகப்பட்டவர் தனிக் கடவுச்சொல்லைப் போட்டால் போதும்; வெளியே எல்லாம் அணைந்ததுபோல் தெரியும், உள்ளே எங்களுக்கு எச்சரிக்கை வரும். ஒப்புதல் தருவது யார் என்பது இப்போது யாருக்கும் முன்கூட்டித் தெரியாது.

சரக்கு முதலாளியின் கிடங்கில் வேலை பார்த்தவன்தான் அந்தப் பக்கத்தைக் கொள்ளையர்களுக்குத் திறந்து கொடுத்தவன் என்று வழக்கில் தெரிந்தது. அவன் சிறையில் இருக்கிறான். புதரிலிருந்து தப்பியவன் இன்னும் அகப்படவில்லை. பராசா மறுபடி கம்பாலா வண்டி ஓட்டுகிறான்; கேருபோ எவ்வளவோ தடுத்தும் கேட்கவில்லை. அவன் எல்லையைத் தாண்டும்வரை முசெம்பி சாப்பிட எழுந்திருக்க மாட்டான்.