போய்த் தூங்கு என்று சொன்னேன்

முதலிபாளையம் போகும் பேருந்தில் ஒரு காலை, படியில் தொங்கிக்கொண்டு வந்தவரைக் கண்டக்டர் திட்டினார். "ஏனுங்க, படியில நின்னு செத்துத் தொலையாதீங்க, உள்ள வாங்க." அவரும் "சரிங்க" என்று உள்ளே வந்தார். செத்துத் தொலைவதற்குக்கூட ஒரு மரியாதை! நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்த பெண் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். திசையன்விளைப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காகத் திருப்பூர் வந்து பதினைந்து வருடம் ஆகிறது. இங்கே எதற்குச் சிரிக்கலாம், எதற்குக் கூடாது என்பது இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

நம் தெற்கத்தி ஊரில் பாசம் என்றாலே ஏச்சுதான், உங்களுக்குத் தெரியும். பந்திக்குப் பிந்தி வருகிறவரைப் பார்த்து, "எதுக்கு வந்திய? எல்லாம் தீந்தாச்சு, போய்க் கையக் கழுவுங்க" என்போம். அதற்குள் அவர் உட்கார்ந்து இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருப்பார். சொன்னதை அப்படியே நம்பி ஒருவர் எழுந்து போனால் ஊரே சிரிக்கும். போகமாட்டார் என்ற நம்பிக்கையில்தானே சொல்கிறோம்! இங்கே வந்த புதிதில், அப்படி நம்பிய ஆள் நான்தான். வாடகைக்கு வீடு கேட்டேன். "பாத்துச் சொல்றேனுங்க" என்றார் வீட்டுக்காரர். இல்லை என்பதை அவர்கள் இப்படித்தான் சொல்வார்கள் என்று நான் என்னத்தைக் கண்டேன்? பத்து நாள் சாமான்களை மூட்டை கட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தேன். நான் தைக்கப் போன பனியன் கம்பெனியில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். உள்ளுக்குள் பற்றி எரிந்தது.

இவ்வளவு பட்டும் புத்தி வந்ததா? இப்போது நான் சூப்பர்வைசர். போன மாதம் என் லைனில் ஓவர்லாக் மெஷினில் தைக்கும் சுனிதா ஒரு மணி நேரம் பிந்தி வந்தாள். ஒடிசாக்காரி, மெஷின் சத்தத்துக்கு நடுவே தமிழைப் பொறுக்கிக்கொண்டவள். "இப்பம் எதுக்கு வந்தே? போய்த் தூங்கு, நாளைக்கு வா" என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். "சரி அக்கா" என்று திரும்பி நடந்துவிட்டாள். லைனே சிரித்தது. எனக்கும் அடக்க முடியவில்லை. வாசல் வரை போய்விட்டு வந்துவிடுவாள் என்றிருந்தேன். வரவில்லை.

மதியம் மேனேஜர் வந்து காலி மெஷினைப் பார்த்தார். "ஏனுங்க, அந்தப் புள்ள எங்கீங்க?" "போயிட்டா" என்று முணுமுணுத்தேன். "சொல்லாமக் கொள்ளாமப் போறவங்க நமக்குச் சரிப்பட்டு வராதுங்க. நாளைக்கு வேற ஆளப் போட்டுக்கலாமுங்க" என்றார். "சரிங்க" என்றேன். என் நக்கலுக்கு ஒருத்தியின் வேலை போகிறது, நான் சரிங்க என்கிறேன்! சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே அவள் அறைக்கு ஓடினேன்.

சுனிதா அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் குழந்தை. அந்த அறையில் அவளோடு தங்கியிருந்த பெண்ணும் ஒடிசாதான். ரொம்ப வருடமாக இங்கே இருப்பவள். "பாப்பாவுக்கு ரெண்டு நாளா காய்ச்சலுங்க. இவ கண்ணே மூடல. 'எங்க அக்கா என் மூஞ்சியப் பாத்ததுமே புரிஞ்சுக்கிட்டாங்க, தூங்கச் சொல்லி அனுப்பிட்டாங்க'ன்னு அழுதாளுங்க. நீங்கதானுங்களா அந்த அக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினேன். அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல இருந்தது.

கம்பெனிக்குத் திரும்பியதும் மேனேஜரிடம், "லீவு நான்தான் குடுத்தேன், சொல்ல மறந்துட்டேன்" என்றேன். "அத மொதல்லயே சொல்றதுக்கு என்னங்க?" என்று எல்லோர் முன்னாலும் பிடித்துக்கொண்டார். வாங்கிக் கட்டிக்கொண்டேன். சுனிதாவின் வேலை தப்பியது. அது கேலி என்று அவளிடம் இதுவரை சொல்லவில்லை. புதிதாக வருகிறவர்களிடம் அவள் என்னைப் பெருமையாகச் சொல்லும்போதெல்லாம் எனக்கு இருப்புக் கொள்வதில்லை. யார் பிந்தி வந்தாலும் இப்போது, "என்னாச்சுங்க? வாங்க" என்கிறேன். நாக்கைக் கடித்துக் கடித்து அதுவே பழகிவிட்டது.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். என்னைக் கூட்டிப்போகப் பேருந்து நிலையத்துக்கு வரவேண்டிய தங்கை ஒரு மணி நேரம் கழித்து மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். "பரவாயில்லீங்க, வாங்க போலாம்" என்றேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. என் பையை அப்படியே கீழே வைத்தாள்.

"யக்கா, எம்மேல கோவமா? நாலு வார்த்தை ஏசிரு, யக்கா" என்று என் கையைப் பிடித்துக் கெஞ்சினாள்.

ஏசத்தான் வாயைத் திறந்தேன். "இல்லீங்க" என்று வந்தது. அவள் அழவே ஆரம்பித்துவிட்டாள்.