வாசனை ஏறிய இலைகள்

கொரோனாவிலிருந்து ராஜாராமன் பிழைத்தார். முகரும் சக்தி மட்டும் திரும்பவில்லை. மெட்டுகுடா ரயில்வே குடியிருப்பில் பிறந்து, அதே ரயில்வேயில் ஓய்வு பெற்று, குஷாய்குடாவில் வீடு கட்டியவர் அவர். சாப்பாட்டுப் பிரியர். இப்போது காபி அவருக்கு வெந்நீர், ரசம் வெறும் புளித்தண்ணீர். தட்டில் பாதியை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுவார்.

"காட்டமான வாசனை எதையாவது தினமும் கண்ணை மூடிக்கொண்டு முகரட்டும். சிலருக்குத் திரும்பி வரும்" என்றார் டாக்டர்.

அந்த 'சிலருக்கு' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டாள் அவர் மனைவி சுமதி. மாடியில் கருவேப்பிலை, புதினா, கற்பூரவல்லி வைத்தாள். வேளை தவறாமல் தண்ணீர், கை நிறைய உரம். பக்கத்து அடுக்குமாடியின் நிழலில் செடிகள் தளதளவென்று வந்தன. ஆனால் இலையைக் கசக்கினால் வெறும் பச்சை வாடைதான். அவளுக்கே வராத வாசனை அவருக்கு எப்படி வரும்?

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், வெயில் காயும் மூலையில், அவள் மறந்துபோன ஒரு கற்பூரவல்லி இருந்தது. சின்னச் சின்னதாக, தடித்த இலைகள். துணி உலர்த்தப் போனபோது புடவை உரசியதும் குப்பென்று வாசனை தூக்கியது.

அன்றே எல்லாச் செடித்தொட்டிகளையும் வெயிலுக்கு இழுத்தாள். உரத்தை நிறுத்தினாள். இலை தொய்ந்தால் மட்டும் தண்ணீர்.

"பாவம், செடி வாடுதே" என்றார் ராஜாராமன்.

"கொஞ்சம் காய்ஞ்சாத்தாங்க இலையில எண்ணெய் கூடுது."

ஏப்ரல் வெயிலில் அவள் பாதம் கொப்பளித்தது. இலைகள் சிறுத்தன, வாசனை ஏறியது. ஒரு காலையில் கருவேப்பிலையைக் கசக்கி அவர் மூக்கருகே பிடித்தாள். கண்ணை மூடியபடி வெகுநேரம் இருந்தார்.

"ஹவ்... ஆமா, லேசா வருது, சுமதி."

அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அதன்பிறகு தட்டில் எதுவும் மிஞ்சவில்லை. புதினா சாதத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மழைக்காலம் தொடங்கியிருந்தது. ஒரு நாள் அடுப்பில் பால் வைத்துவிட்டு, கீழே காய்கறி வண்டிக்காரரிடம் போனாள். திரும்பி வரும்போது படிக்கட்டிலேயே கேஸ் நாற்றம். உள்ளே ஓடினாள். பால் பொங்கி அடுப்பு அணைந்திருந்தது. சமையலறை வாசலிலேயே நாற்காலி போட்டு அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

கேஸை மூடி, ஜன்னலைத் திறந்துவிட்டு வந்தாள்.

"உங்களுக்கு வாசனை வரலையா?"

அவர் பேப்பரை மடித்தார்.

"கருவேப்பிலை?"

"வரல."

"ஒரு நாள்கூடவா?"

"அந்த வெயில்ல நீ தொட்டியை இழுத்துட்டு நின்னே. கால் வெந்துபோயிருந்தது. உங்கிட்ட எப்படி இல்லேன்னு சொல்றது?"

அவளுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இவ்வளவு நாளும் அந்த ருசியற்ற சோற்றை அவர் விழுங்கியதைத்தான் நினைத்தாள்.

இனி வரும் என்ற நம்பிக்கை வேண்டாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். சுமதி இப்போதும் தாளித்துத்தான் சமைக்கிறாள். அது தனக்கு மட்டும் மணப்பது அவளுக்கு என்னவோபோல் இருக்கிறது.

போன வாரம் சாப்பிடும்போது அவர் கேட்டார்: "இந்தக் கருவேப்பிலை எப்படி மணக்குது? சொல்லேன்."

அவள் யோசித்தாள். எலுமிச்சை மாதிரியா? மிளகு மாதிரியா? எதுவும் சரியாக வரவில்லை.

"கருவேப்பிலை மாதிரிதாங்க" என்றாள்.

அவர் தலையாட்டிவிட்டுச் சாப்பிட்டார்.