மசூரின் தொட்டித் தண்ணீர்

மசூர் என்று பேரெடுத்தால் கல்முனைக்குடியில் முதலில் வரும் கதை, அந்த மனிதன் அழவில்லை என்பதுதான். பெண்டாட்டியும் பிள்ளையும் சுனாமியில் போய் வருஷம் ஐந்துக்கு மேலாகியும் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லையாம், கல்லுளிமங்கனாம். ஊர் வாயை மூட உலைமூடி ஏது, பேசட்டும். அழாதவனெல்லாம் கல் என்றால் இந்தக் கரையில் பாதிச் சனம் கல்தான்.

அலங்கார மீன் பிடிக்கச் சுழியோடுகிற தொழில் அவனுக்கு. அலை வந்த காலையில் தோணியோடு நடுக்கடலில் நின்றான். கரைக்கு வந்தபோது வீடு இருந்த இடத்தில் கிணற்றுக்கட்டு மட்டும் இருந்தது. மையித்து என்று அடக்கம் செய்ய மனைவி றிஸ்வானாவின் உடலும் கிடைக்கவில்லை, மகள் ஷிப்னாவின் உடலும் கிடைக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை பெண்வீட்டில் போய் வாழ்கிறவன். பெண்ணும் வீடும் ஒரே காலையில் போய்விட்டால் ஆண்பிள்ளை எங்கே போய்ப் படுப்பான்? பெற்றவளின் வீடு அவன் மூத்த சகோதரி, ராத்தா சபியா உம்மாவுக்குச் சீதனமாகிவிட்டது. மச்சானின் கூரைக்குக் கீழே எத்தனை காலம் பாய் விரிக்கலாம்? அதிலும் ராத்தா ஒரே பேச்சை விடமாட்டாள்.

"காயிப் ஜனாஸா தொழுவிப்பம் தம்பி. மையித்து இல்லாட்டியும் தொழலாம் எண்டு பள்ளி லெப்பை சொல்றாரு. நாம செய்யிற கடமைதானே அது."

"காணாமப் போனவங்களுக்கு என்னத்துக்கு ராத்தா ஜனாஸா?"

சொல்லிவிட்டு வாசலில் இறங்கிவிடுவான். அந்த இறப்புத் தொழுகையைத் தொழுவித்தால் இரண்டு பேரும் மௌத்து என்று அவனே ஒப்புக்கொண்டதாகிவிடும். எதை வேண்டுமானாலும் செய்வான், அதை மட்டும் செய்யமாட்டான்.

நாட்டில் சண்டை முடிந்த கையோடு அறுகம்பேக் கடற்கரையில் விடுதிகள் முளைத்தன. திருக்கோவில் ஊர்க்காரன் குணம் டோஹாவில் ஹோட்டல் வேலை பார்த்துவிட்டு வந்து ஒன்றைத் திறந்தான். அங்கே கண்டதுபோல வாசலுக்கு நேரே ஒரு கண்ணாடிக் கடல்தொட்டி வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். மீனும் முருகைக்கல் என்கிற பவளமும் தெரிந்த ஆள் என்று மசூரைக் கூட்டிவந்தார்கள். தொட்டிக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. அங்கேயே அவன் பாயை விரித்துக்கொண்டான்.

மீனுக்கு உப்புத் தண்ணீர் போதும். முருகைக்கல் அப்படியல்ல. அது உயிர், தன் எலும்பைத் தானே கட்டுகிற உயிர். அதற்குத் தண்ணீரில் கல்சியமும் வேண்டும், காரத்தன்மையும் வேண்டும், ஒன்றுக்கு ஒன்று ஈடாக. ஒன்று இறங்கினால் மற்றது எவ்வளவு கிடந்தும் கட்டட வேலை நின்றுபோகும். இரண்டும் கண்டபடி ஏறினாலோ, ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வெள்ளை மாவாய் அடியில் விழும். கல்லுக்கு ஒன்றும் மிஞ்சாது. காலையில் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் எடுப்பான், நிறம் மாறும்வரை மருந்தைச் சொட்டுவான், அளவு பார்ப்பான். கல்லின் கிளைக்கொப்புகள் நுனியில் புதுவெள்ளை காட்டி வளர்ந்தன. வந்தவர்கள் ஆகா என்றார்கள். மசூருக்குச் சந்தோஷமா? அதெல்லாம் இல்லை. கை வேலை செய்தது, அவ்வளவுதான்.

கொழும்பிலிருந்து வரும் மருந்துப் போத்தல்கள் தட்டுப்பாடானபோது, தங்க வந்த வெள்ளைக்காரர் ஒருவர் வழி சொன்னார். நீற்றிய சுண்ணாம்பை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து மூடிவைக்க வேண்டும். மண்டி படிந்தபின் மேலே நிற்கும் தெளிவை மட்டும் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். கல்சியமும் காரமும் சமமாகப் போகும். மசூர் ஓர் ஆஸ்பத்திரிச் சேலைன் குழாயை மாட்டினான். மாதக்கணக்கில் தொட்டித் தண்ணீரின் அளவுகள் அசையாமல் நின்றன.

சபியா உம்மாவின் மகளுக்குக் கலியாணம் வந்தது. தாய்மாமன் போகாமல் முடியுமா?

"குழாய் தன்பாட்டில சொட்டிக்கிட்டு இரிக்கும் தம்பி. நீங்க ஒண்டும் செய்ய வேணாம்" என்று குணத்திடம் சொன்னான்.

"போயிட்டு வாங்க காக்கா. நான் பாக்கன்." அண்ணன் என்பதற்கு எங்கள் ஆட்களைப்போலக் காக்கா என்றே குணமும் கூப்பிடுவான்.

கலியாண வீட்டில் நாலு பேரோடு ஒரே சகன் தட்டைச் சுற்றிக் குந்திச் சோறு தின்றான். இறைச்சி ருசியா என்று யாரோ கேட்டார்கள், ஓம் என்றான். ராத்தா அன்றைக்கு ஜனாஸாக் கதை எடுக்கவில்லை. இனிப்புக்கு வட்டிலப்பத்தைக் கையில் வைத்துவிட்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மறுநாள் முதல் பஸ்ஸில் ஏறிவிட்டான்.

வந்து பார்த்தால் தொட்டி மோர்ப்பானையாய்க் கிடக்கிறது. குணம் வாசலிலேயே நின்றான்.

"குழாய் அடைச்சுப்போச்சு காக்கா. வாளிக்குள்ள பாத்தா சுண்ணாம்பெல்லாம் அடியில கிடக்கு. எங்கட அம்மா வெத்திலைக்கு எடுக்கக்குள்ள கலக்கித்தான் எடுப்பா. நானும் நல்லாக் கலக்கி வாளியோட ஊத்திட்டன். கல்லுக்குக் கூடக் கிடைச்சா நல்லந்தானே எண்டு..."

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று பள்ளிக்கூடக் கொப்பியில் எழுதாத தமிழ்ப்பிள்ளை உண்டா? குணமும் எழுதித்தான் இருப்பான். என்ன செய்ய, கலக்கிப் பழகிய வீட்டுக் கை!

மசூர் உள்ளே போனான். சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரை அள்ளத் தொடங்கினான். மீன்கள் மல்லாந்து மிதந்தன. கொப்புகளின் தோல் நூல் நூலாகக் கழன்று வந்தது. ஒன்றும் தப்பவில்லை.

"ஏசுங்க காக்கா. ரெண்டு அடி அடிச்சாலும் பரவால்ல. இப்பிடிச் சும்மா இரிக்காதங்க."

"ஒங்கள்ல குத்தமில்ல தம்பி. நான் நிண்டிருந்தா பாத்திருப்பன்."

"நீங்க கலியாணத்துக்குத்தானே போனீங்க."

"இல்ல. நான் கடல்ல நிண்டன்."

குணத்துக்கு விளங்கவில்லை. மசூர் வாளியைக் கீழே வைத்தான்.

"அலை என்ட தோணிக்குக் கீழாலதான் போயிரிக்கி. தோணி கொஞ்சம் எழும்பி இறங்கிச்சு. நான் கொட்டாவி விட்டுக்கிட்டு இருந்தன் தம்பி. அவங்கள எடுக்கப் போறது எனக்குக் கீழால போகுது, நான் கொட்டாவி விட்டன்."

அவன் குரல் உயரவுமில்லை, உடையவுமில்லை. விரலிடுக்கில் சுண்ணாம்பு எரித்திருக்க வேண்டும், அதையும் கழுவவில்லை. குணம் வாய்பொத்தி அழுதான். மசூர் அவன் தோளைத் தட்டிவிட்டு, போனை எடுத்து ராத்தாவுக்கு அடித்தான்.

"போய்ச் சேந்திட்டயா தம்பி?"

"ராத்தா, லெப்பைக்கிட்டச் சொல்லுங்க. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பொறகு றிஸ்வானாக்கும் ஷிப்னாக்கும் ஜனாஸா தொழுவிக்கணும்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"நீயும் வருவாய்தானே?"

"வாறன் ராத்தா" என்றான். "இனி நான் பாத்துக்கிட்டிரிக்க ஒண்டுமில்ல."