பச்சைக்குள் போன மனைவி

2003ஆம் ஆண்டுக் கோடை. ஹனோவரில் குடியிருந்த நானும் மனைவியும் எல்லை தாண்டி ஒரு ஒல்லாந்துக் கிராமத்துக்குக் காரில் போயிருந்தோம். ஒரு காற்றாலை, ஒரு தேவாலயக் கோபுரம், ஒரு தூக்குப்பாலம், மிச்சமெல்லாம் மாடுகள். கடலைத் தடுத்து நிலம் எடுத்த மக்களைப் பற்றிப் படித்ததையெல்லாம் வழிநெடுக விளக்கிக்கொண்டு போனேன். மனைவி பாதி வழியிலேயே உறங்கிவிட்டாள்.

ஊருக்கு அனுப்பும் படத்துக்கு எங்களிடம் ஒரு விதி உண்டு. ஆள் தலை முதல் கால் வரை விழவேண்டும். பின்னால் வெளிநாடு முழுதாக நிற்கவேண்டும். அன்றைய வெளிநாடு காற்றாலை. என் முதுகுக்குப் பின்னால் வேலி. எனவே நகரவேண்டியவள் அவள்தான்.

“இன்னும் கொஞ்சம் பின்னுக்குப் போம்.”

“இனிப் போனா மாட்டோடைதான் நிக்கவேணும்.”

“உம்மடை கால் வெட்டுப்படுது. இன்னும் கொஞ்சம்.”

அவளுக்குப் பின்னால் சீராக வெட்டிய புல்தரை. ஒரு அடி வைத்தாள். கமராவுக்குள் காற்றாலை முழுதாக நின்றது. மனைவியைக் காணவில்லை. பச்சை விலகி, உடனே மூடிக்கொண்டது. அது புல் அல்ல; வாய்க்கால் முழுக்கப் படர்ந்திருந்த பாசி.

அவளுக்கு நீந்தத் தெரியாது. எனக்கும் தெரியாது. கமராவைக் கண்ணிலிருந்து எடுக்காமல் நின்றேன்.

பாலத்தில் சைக்கிளில் வந்த, எங்கள் வயதுப் பெண் ஒருத்தி, சைக்கிளை வீசிவிட்டுச் சப்பாத்தோடு இறங்கினாள். தண்ணீர் அவள் நெஞ்சளவு. பாசிக்குள் துழாவி, கொண்டையில் பிடித்து மனைவியைத் தூக்கினாள். அதற்குப் பிறகுதான் எனக்குக் கால் வந்தது. ஓடிப்போய்க் கையைப் பிடித்துக் கரையில் இழுத்துப் போட்டேன். சேற்றில் சிக்கிய கால், சுற்றிக்கொண்ட சேலை. அவளால் எழும்பவே முடியாமல் இருந்திருக்கிறது. பச்சைத் தண்ணீராகக் கக்கினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“இப்ப கால் விழுந்ததோ?”

சொல்லிவிட்டு நடுங்கி அழத் தொடங்கினாள். நானும்தான்.

அந்தப் பெண் எங்களைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய் உலர்ந்த உடுப்பும் சூடான கோப்பியும் தந்தாள். “இந்தப் பச்சையை நம்பாதே என்று எங்கள் பிள்ளைகளுக்கு நடக்கப் பழகும்போதே சொல்லிவிடுவோம். உங்களுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?” என்று ஜெர்மன் மொழியில் என்னைத் தேற்றினாள். நான் படித்த புத்தகங்களில் அது இல்லை.

பாசி மூடிக்கொண்ட அந்தக் கணத்தில் அந்தக் கிராமம் ஒரு குறையுமில்லாமல் அழகாக இருந்தது. அதுதான் இன்றும் என்னை உலுக்குகிறது. வீடு கொஞ்சம் அமைதியானாலும் காரணமில்லாமல் அவளைக் கூப்பிடுவேன். “இப்ப என்ன வேணும்?” என்று எரிந்து விழுவாள். அந்த எரிச்சலைவிட வேறெதுவும் எனக்கு வேண்டியதில்லை.