அர்ச்சனைக் கூடையில் கதைப் புத்தகம்

என் மூத்த மகள் வயதுக்கு வந்த மாதத்தோடு அவளுடைய பள்ளிக்கூடம் முடிந்துபோனது. எண்பதுகளின் தொடக்கத்தில், சமயநல்லூரில் எங்கள் தெருவில், அது ஒரு செய்தியே இல்லை. சடங்கு வைப்பார்கள், தாய்மாமன் சீர் வரும், பந்தி நடக்கும், அதன்பிறகு பிள்ளை வீட்டோடு இருந்துவிடும். எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் முடிவு சொல்பவர் என் மாமனார். பஸ் ஏறிப் போய்ப் படிக்கிற பொம்பளைப் பிள்ளை நம் குடும்பத்தில் கிடையாது என்று சொல்லிவிட்டார். அக்காள் போகாத பள்ளிக்கூடத்துக்குத் தங்கச்சி மட்டும் எதற்கு என்று அடுத்த ஆண்டு சின்னவளையும் நிறுத்தினார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்குச் சட்டி பானையெல்லாம் உடைந்திருக்க வேண்டும். உடைத்தால் நான்தானே அள்ள வேண்டும் என்று விட்டுவிட்டேன். நான் பள்ளி இறுதி வகுப்பு வரை படித்தவள். பள்ளிக்குப் போகாமலே தனித்தேர்வு எழுதலாம் என்று தெரியும். வீட்டிலேயே பாடம் ஆரம்பித்தேன். உலை கொதிக்கும்போது கணக்கு, காய் நறுக்கும்போது வரலாறு, துணி காயப்போடும்போது ஆங்கில இலக்கணம். மாமனார் பார்த்துக்கொண்டே போவார், ஒன்றும் சொல்லமாட்டார். வாசல் தாண்டாத படிப்பு அவரை ஒன்றும் செய்யவில்லை.

பாடம் மதியத்தோடு முடிந்துவிடும். அதன்பிறகு சாயங்காலம் வரை இரண்டும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். படிக்கக் கதை வேண்டும் என்று நச்சரித்தார்கள். ஊர்க் கிளை நூலகத்தில் என் பெயரில் உறுப்பினர் அட்டை இருந்தது. புத்தகம் எடுத்துவரச் சொல்லி என் வீட்டுக்காரரை அனுப்பினேன்.

அவருக்கு அரிசி மில்லில் வேலை. எதையும் தூக்கிப் பார்த்தே மதிப்பிடுகிற மனுஷர். நூலகத்திலும் அதையேதான் செய்தார். கனமாக இருந்தால் ரொம்ப நாளைக்கு வரும் என்பது அவர் கணக்கு. முதல் தடவை தென்னை மரத்துக்கு வரும் நோய்களைப் பற்றி ஒரு புத்தகம் வந்தது. அடுத்த தடவை கூட்டுறவுச் சங்கச் சட்டங்கள். பிள்ளைகள் படிக்கவில்லை என்று நான் சொன்னபோது, இன்னும் கனமாக ஒன்று இருக்கிறது, அதைக் கொண்டுவரட்டுமா என்று கேட்டார். சின்னவள் சட்டப் புத்தகத்தைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

பெயரை எழுதிக் கொடுத்தனுப்பலாம் என்றால், எந்தப் புத்தகம் எப்படி இருக்கும் என்று பார்க்காமல் எதை எழுதுவது? நான் தேர்ந்தெடுத்தாலும் அது எனக்குப் பிடித்ததாகத்தான் இருக்கும். அலமாரிக்கு முன்னால் அவர்களே நின்று, புரட்டிப் பார்த்து எடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அவர்கள் வெளியே போகத்தான் கூடாதே. போகக்கூடிய ஒரே இடம், என்னோடு அம்மன் கோவில்.

நூலகம் அந்தக் கோவிலுக்குப் பின்தெருவில் இருந்தது. அம்மனே போட்டுக் கொடுத்த வழி என்று எடுத்துக்கொண்டேன். தெருப் பெண்கள் வெள்ளிக்கிழமை போவார்கள். அன்றைக்கு நூலகத்துக்கு விடுமுறை. ஆகவே எங்கள் வீட்டில் மட்டும் அம்மனுக்குச் செவ்வாய்க்கிழமை விசேஷமாகிவிட்டது. அர்ச்சனைக் கூடையில் அடியில் புத்தகம், மேலே தேங்காய், பழம், பூ. என் பக்தி முற்றிக்கொண்டு வருவதாக மாமனார் பெருமையாகப் பேசிக்கொண்டார். எனக்கு ஒரு சங்கடமும் இல்லை. சாமியையும் கும்பிட்டுவிட்டுத்தான் போனோம்.

அந்தப் பிள்ளைகளை அலமாரிக்கு முன்னால் நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சின்னவள் பாம்புகளைப் பற்றி எது கிடைத்தாலும் விடமாட்டாள். பெரியவள் அட்டையைப் பார்ப்பாள், நடுவில் ஒரு பக்கம் படிப்பாள், கடைசிப் பக்கத்தைக் கையால் மூடிக்கொள்வாள். மோசமான புத்தகங்களும் எடுத்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. அடுப்படியில் வாய் ஓயாத எனக்கு அது லேசான காரியமில்லை.

நூலகர்தான் காட்டிக்கொடுத்தார், பாவம், தெரியாமல். டீக்கடையில் மாமனாரைப் பார்த்தவர், உங்கள் வீட்டிலிருந்து திரும்பி வரும் புத்தகத்திலெல்லாம் குங்குமமும் விளக்கெண்ணெய்க் கறையும் இருக்கிறது, பேத்திகளைக் கொஞ்சம் பார்த்துப் புரட்டச் சொல்லுங்கள் என்று சொல்லியிருக்கிறார்.

மாமனார் வீட்டுக்கு வந்து மேல்துண்டைக்கூட எடுக்காமல், புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். அந்த வாரம் பெரியவள் எடுத்திருந்தது ஒரு துப்பறியும் கதை. அட்டையில் ஒரு பெண் கையில் துப்பாக்கியோடு நின்றாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நூலகம் போனால் போகிறது, கோபத்தில் பாடத்தையும் நிறுத்தச் சொல்லிவிட்டால், பரீட்சைக்கு இரண்டு பிள்ளைகளையும் எப்படி அனுப்புவேன்? பழியை என் மேல் போட்டுக்கொள்ள வாயெடுத்தேன்.

"இதை யாரு எடுத்தது?" என்றார்.

"நாந்தேன் அய்யா" என்றாள் பெரியவள். தாத்தாவை அவர்கள் அய்யா என்றுதான் கூப்பிடுவார்கள். "அட்டையைப் பாத்து எடுத்தேன். உள்ள நல்லால்ல. பாதியிலயே வச்சிட்டேன்."

"நல்லால்லேன்னு யாரு சொன்னா? ஒங்கம்மாவா?"

"நாந்தேன் சொல்றேன். யாரு கொன்னதுன்னு ஆரம்பத்துலயே தெரிஞ்சுபோச்சு. அதுக்குப் பெறகும் எம்புட்டுத்தேன் சுத்திச்சுத்தி எழுதுவாக?"

அவள் விடவில்லை. "நீங்க மாடு பிடிக்கப் போனா, மனசுக்குப் பிடிக்கலேன்னா வெறுங்கையோட வந்துர்றீகள்ல. வேற யாரையும் விட்டு வாங்கிட்டு வரச் சொல்றீகளா?"

சுற்றுவட்டாரத்தில் மாடு வாங்கப் போகிறவர்கள் என் மாமனாரைக் கூட்டிக்கொண்டு போவார்கள். பல்லைப் பிடித்துப் பார்த்து, நடக்கவிட்டுப் பார்த்து, வேண்டாம் என்று துண்டை உதறிவிட்டு வருவதில்தான் அவருக்குப் பேர். எத்தனை மாட்டை வேண்டாமென்றேன் என்பதைத்தான் அவரும் பெருமையாகச் சொல்வார்.

அவர் புத்தகத்தை அவளிடமே நீட்டினார். முகத்தில் கோபம் இருந்தது, ஆனால் அது போக இடம் தெரியாத கோபம்.

"சாமி கூடையில இதை வைக்காதீக" என்றார். "கையில எடுத்துட்டுப் போங்க."

அவ்வளவுதான் சொன்னார். நான் அடுப்படிக்குள் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன், கொஞ்சம் அழவும் செய்தேன். ஜெயித்துவிட்டோம் என்று சின்னவள் காதில் நான் சொன்னபோது அவளுக்கு ஏன் என்று புரியவில்லை, அவள் பாம்புப் புத்தகத்தில் இருந்தாள். பள்ளிக்கூடத்தை மட்டும் அவர் திருப்பித் தரவேயில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்றைக்கும் இருக்கிறது. இரண்டு பேரும் வீட்டிலிருந்தே பரீட்சை எழுதித் தேறினார்கள்.

மாமனார் அப்படிச் சொன்ன வாரம், சனிக்கிழமையே கிளம்பினோம். கூடை இல்லை. ஆளுக்கொரு புத்தகம் கையில், அட்டை வெளியே தெரிய, தெரு நடுவே நடந்தோம். எனக்கு இருந்த மிதப்பில், பார்க்காதவர்களைக்கூடக் கூப்பிட்டுக் காட்டியிருப்பேன். நாலாவது வீட்டுப் பெண் வாசலில் நின்று எங்கே என்று கேட்டாள். நூலகத்துக்கு என்றேன். அவள் உள்ளே திரும்பிப் பார்த்தாள். அவள் மகளும் பள்ளியை விட்டு நின்றவள்தான்.

"இவளையும் கூட்டிட்டுப் போறீகளா மதினி?" என்றாள்.

அந்தப் பெண் தாவணியை இழுத்து விட்டுக்கொண்டு எங்களோடு வந்தாள். அலமாரிக்கு முன்னால் போனதும் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டாள். பிறகு என் பெரியவளிடம், நல்லதாக ஒன்று எடுத்துத் தரச் சொல்லிக் கேட்டாள். என் மகள் அதற்குள் அந்த அலமாரியை மனப்பாடமாக வைத்திருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுத்திருக்கலாம்.

"நீயே பாரு" என்றாள். "நாங்க இருக்கோம், மெதுவா எடு."

நூலகர் கடிகாரத்தைப் பார்த்தார். நாங்கள் மூன்று பேரும் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டோம். அந்தப் பெண் கட்டியிருந்த கையைப் பிரித்து, முதல் புத்தகத்தை வெளியே இழுத்தாள். பார்த்தாள். பிடிக்கவில்லை போல, திரும்ப உள்ளே வைத்தாள்.