செவ்வந்தி பேசாமல் விட்ட கடைசி நிமிடம்

"சொல்ல வந்தத முழுசா சொல்றதுக்குள்ள மணி அடிச்சிடறாங்கக்கா."

காலேஜ் விட்டு வந்ததும் செவ்வந்தி தினமும் சொல்கிற முதல் பேச்சு இதுதான். செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் சொல்லிவிடுவாள். கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டு மாடி அறையில் வாடகைக்கு இருந்து வேளாண்மை படித்துக்கொண்டிருந்த பெண். ஊர், கரியாலூருக்கு மேலே கல்வராயன் மலையில் ஒரு சின்ன கிராமம். பேச்சுப்போட்டி எங்கே நடந்தாலும் காலேஜ் அவளைத்தான் அனுப்பும். போட்டி இல்லாத நாளில் ஒத்திகை. ஒத்திகையிலும் மணி உண்டு. நாலாவது நிமிடம் ஒரு மணி, ஐந்தாவது நிமிடம் இன்னொரு மணி. இரண்டாவது மணிக்குப் பிறகு வாயைத் திறந்தால் மார்க் போய்விடும்.

"மொதல்ல நடுவருக்கு வணக்கம், அவையோருக்கு வணக்கம், மைக்செட்டுக்காரனுக்கு வணக்கம்னு ஊருக்கெல்லாம் கும்புடு போட்டுக்கினு நின்னா, மணி அடிக்காம மாலையா போடுவாங்க?" என்று கேட்பேன்.

"வணக்கம் வெக்கலன்னா மார்க்க கொறைச்சிடுவாங்கக்கா."

"அப்ப முக்கியமான விசயத்த முன்னாடி சொல்லித் தொலை."

"அது எப்பிடிக்கா? வெதைச்சி, களையெடுத்து, கடைசிலதான அறுக்கறோம். பேச்சும் அப்பிடித்தான்."

என் சமையல் மேடைக்குப் பக்கத்தில் நின்றுதான் பேசிப் பழகுவாள். நான் எவர்சில்வர் டம்ளரைக் கரண்டியால் தட்டி மணி அடிப்பேன். குழம்பு அடிபிடிக்காமல் பார்த்துக்கொண்டே நேரமும் பார்க்க வேண்டும். மலைப் பெண் என்பதால் எப்போதும் சாமை, தினை என்றே தலைப்புக் கொடுத்தார்கள். சாமையைப் பற்றி அவள் பேசியதைக் கேட்டுக் கேட்டு, எனக்கு அரிசி மூட்டையைப் பார்த்தாலே குற்ற உணர்ச்சி வந்த நாட்கள் உண்டு.

பிறகு அந்தச் சொற்போட்டி வந்தது. பல காலேஜ் பிள்ளைகள் கலந்துகொள்ளும் பெரிய போட்டி. தலைப்பு, "மலை விவசாயத்துக்குக் களைக்கொல்லி தேவையா?" தேவை என்று ஒரு கட்சி, தேவையில்லை என்று ஒரு கட்சி. யார் எந்தக் கட்சி என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். செவ்வந்திக்கு வந்த சீட்டில் "தேவை" என்று இருந்தது.

அன்று வந்தவள் மணியைப் பற்றிச் சொல்லவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

"எங்க ஊருல யாரும் அந்த மருந்த தொட்டது கூட இல்லக்கா. நான் எப்பிடி வேணும்னு பேசறது? தங்கதுரை சார்கிட்ட சொன்னா, 'போட்டின்னா எந்தப் பக்கம் வந்தாலும் பேசணும்மா, வக்கீல் பேசல?'ன்னு கேக்கறாரு."

தங்கதுரை அவளைத் தயார் செய்கிற பேராசிரியர். நல்ல மனிதர்தான். பிள்ளைகள் ஜெயிக்க வேண்டும் என்று நினைப்பவர்.

மனசுக்கு ஒப்பாத கட்சியாக இருந்தாலும், எடுத்த வேலையை அரைகுறையாகச் செய்யத் தெரியாதவள் செவ்வந்தி. யோசித்து யோசித்து, அவள் அம்மா பாவாயியின் முதுகைப் பேச்சுக்குள் கொண்டுவந்தாள். வருடம் முழுக்க மரவள்ளிக் காட்டில் குனிந்து களைக்கொத்து பிடித்து வளைந்துபோன முதுகு. "என் தாயின் முதுகை நிமிர்த்துவது எது? கொத்தா, மருந்தா?" என்று அவள் என் சமையலறையில் கேட்டபோது கரண்டி என் கையில் அப்படியே நின்றுவிட்டது. அது பொய்யில்லை. அந்த முதுகும் உண்மை, அவள் வருத்தமும் உண்மை.

கடைசி நிமிடத்துக்கு வேறு ஒன்று வைத்திருந்தாள். "ஆனால்" என்று தொடங்கும் அது. கையுறை இல்லாமல் மருந்தைத் தொடாதே. மருந்தடிக்கிற டேங்க் ஒழுகினால் அதை முதுகில் மாட்டாதே. உடம்பில் பட்டால் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு உடனே சோப்புப் போட்டுக் கழுவு. இதெல்லாம் இல்லாத இடத்தில் களைக்கொல்லி களையை மட்டும் கொல்லாது.

போட்டியன்று பாவாயியின் முதுகைச் சொன்னதும் மண்டபமே கைதட்டியிருக்கிறது. கைதட்டல் அடங்கவே நேரமாகிவிட்டது. "ஆனால்" என்று வாயைத் திறந்திருக்கிறாள். மணி அடித்துவிட்டார்கள். மார்க் போய்விடும் என்று இறங்கிவிட்டாள். முதல் பரிசு. கோப்பையைத் தூக்கிக்கொண்டு வந்து, "இன்னிக்கும் முழுசா சொல்ல வுடலக்கா" என்றாள். நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம்.

அவள் பேசியதை யாரோ போனில் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டார்கள். அது மலை ஏறிவிட்டது. கரியாலூரில் ஜீப் ஓட்டுகிற அஜித் அவளுக்குப் பங்காளி முறை. அவன்தான் ஊர்க் கோவில் முன்னால் எல்லாரையும் கூட்டி வைத்துக் காட்டினான். நம்ம ஊர்ப் பெண் இத்தனை பேர் முன்னால் மைக் பிடித்துப் பேசுகிறாள் என்று அத்தனை பேருக்கும் பெருமை. அவள் அப்பா கரியன் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிப் பார்த்தாராம்.

கரியன் விவரம் இல்லாத ஆள் கிடையாது. ஆனால் அந்த ஊரில் நில எல்லையானாலும் கல்யாணமானாலும் நாலு பேர் கூடின இடத்தில் வாயால் சொல்வதுதான் சாசனம். சபையில் சொன்னதை மாற்றுகிறவனுக்கு அங்கே மரியாதை இல்லை. மனசில் ஒன்றை வைத்துக்கொண்டு, சீட்டில் வந்தது என்பதற்காக வேறொன்றைச் சபையில் பேசுவதும், அதற்குப் பரிசு கொடுப்பதும் அவர்கள் கேள்விப்படாத விஷயம்.

அந்த வருடக் களையெடுப்புக்குக் கரியன் கீழே இறங்கி வந்து மருந்து வாங்கினார். பாவாயியின் முதுகு நிமிரட்டும் என்று. டேங்கை யாரிடமோ இரவல் வாங்கினார். அது ஒழுகியது. தண்ணீர் ஜாஸ்தி விட்டால் வேலை செய்யாது என்று கெட்டியாகக் கலக்கினார், அதுவும் வெறுங்கையால். வார்ப் பட்டை உரசி முதுகுத் தோல் உரிந்திருந்தது. நனைந்த சட்டையோடு காடு முழுக்க அடித்து முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

அஜித்தின் ஜீப்பில்தான் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு இறக்கினார்கள். நான் கஞ்சி எடுத்துக்கொண்டு போனேன். முதுகு வெந்துபோயிருந்தது. நாக்கெல்லாம் புண். மூச்சு வாங்கியது. பார்க்கிற அளவுக்கு டாக்டர்கள் பார்த்தார்கள். மருந்து நுரையீரலுக்குப் போய்விட்டது, இனி ஒன்றும் கையில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

செவ்வந்தி கட்டில் ஓரத்தில் நின்றாள்.

"ஏம்பா, யாரக் கேட்டு அத வாங்குன?"

"யாரக் கேக்கணும்? நீதான சபையில சொன்ன."

"அது போட்டிப்பா. சீட்டுல வந்த பக்கம். நான் அத நெனைச்சிப் பேசல."

"சீட்டுல வந்தா இன்னா? பேசுனது உன் வாயிதான?" கோபமே இல்லாமல் கேட்டார். நிஜமாகவே புரியவில்லை அவருக்கு. "நெனைக்காதத யாராச்சும் நாலு பேரு முன்னால பேசுவாங்களாம்மா?"

"கடைசில சொல்ல வெச்சிருந்தேம்பா. டேங்கு ஒழுகக் கூடாதுன்னு... மணி அடிச்சிட்டாங்க."

"இப்ப சொல்லு" என்றார் கரியன்.

அவள் சொன்னாள். கையுறையிலிருந்து சோப்பு வரைக்கும் ஒன்று விடாமல், மேடையில் சொல்கிற மாதிரியே சொன்னாள். அவர் கடைசி வரை கேட்டார். "நல்லாத்தான் சொல்ற" என்றார். பாவாயி புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். சில நாட்களில் கரியன் மூச்சு நின்றுபோனது.

காரியம் முடிந்ததும் செவ்வந்தி ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்றிருக்கிறாள். அதற்குள் இன்னும் பல வீடுகளில் அதே மருந்து வாங்கி வைத்திருந்தார்கள். அதைத் தொடாதீர்கள், அன்று பேசினது சீட்டில் வந்த பக்கம், என் கருத்து இல்லை என்றிருக்கிறாள்.

அவள் பெரியப்பா கேட்டாராம், "அன்னிக்கு சபையில பேசுனவளும் நீ, இன்னிக்கு பேசறவளும் நீ. இதுல எந்த செவ்வந்திய நாங்க நம்பறது?"

"கப்பு குடுத்தா மாத்திப் பேசுவா" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிலர் சிரித்தார்களாம்.

அன்றோடு அந்த ஊரில் அவள் பேச்சு செல்லாததாகிவிட்டது. காலேஜுக்கும் திரும்பவில்லை. தங்கதுரை சார் என் வீட்டுக்கு வந்து, "மாநிலப் போட்டி இருக்கு, நீங்களாச்சும் சொல்லுங்கம்மா" என்றார். "சார், அந்தப் பொண்ணு பேசுனது போதும்னு அவ ஊரே சொல்லிட்டுது. நீங்க வேற சீட்டு குலுக்கறீங்களே" என்றேன். தலையைக் குனிந்துகொண்டு போனார். கோப்பை மாடி அறையில்தான் இருக்கிறது. தூசி தட்டும்போதெல்லாம் எரிச்சலாக வருகிறது. தூக்கி எறியவும் கை வரவில்லை.

போன மாதம் மலைக்குப் போனேன். பாவாயி பழையபடி குனிந்து கொத்திக்கொண்டிருக்கிறாள், இப்போது தனி ஆளாக. செவ்வந்தி கரியாலூரில் ஜீப் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் நீலத் தார்ப்பாய் கட்டி, பலாச்சுளையும் கடுக்காயும் வைத்து விற்கிறாள். நான் உட்கார்ந்திருந்தபோதே ஒருத்தர் முதுகில் டேங்கோடு போனார். அடியில் சொட்டிக்கொண்டிருந்தது. சட்டை நனைந்திருந்தது.

"அண்ணா, டேங்கு ஒழுவுது பாருங்க. கழட்டி வெச்சிட்டு முதுவ கழுவுங்க" என்று எழுந்து பின்னாலேயே போனாள்.

"போ போ, உனக்கு எந்தச் சீட்டு வந்துதோ" என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார்.

இப்போதெல்லாம் செவ்வந்தி வணக்கம் வைப்பதில்லை. எடுத்த எடுப்பில் "ஆனால்" என்பதற்குப் பிறகு வைத்திருந்ததைத்தான் சொல்கிறாள். ஊர்க்காரர்களில் நின்று கேட்கிறவர் யாரும் இல்லை.

கல்வராயன் மலையில் நீர்வீழ்ச்சி பார்க்க எத்தனையோ பேர் அந்த வழியாகப் போகிறீர்கள். நீலத் தார்ப்பாய்க் கடையில் ஒரு தரம் நில்லுங்கள். பலாச்சுளை வாங்கினாலும் சரி, வாங்காவிட்டாலும் சரி. அவளைப் பேசச் சொல்லி முழுசாகக் கேளுங்கள். வெளியூர்க்காரர் நாலு பேர் நின்று கேட்டால், என்னதான் சொல்கிறாள் என்று ஊர்க்காரர் ஒருத்தராவது பக்கத்தில் வந்து நிற்பார். அதற்காகவாவது போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். அவள் முடிக்கிறவரை கிளம்பாதீர்கள்.