வால் நட்சத்திரக்காரிக்குப் பூவிழியின் முகம்

பேனர் மாதவராஜ் படம் வரைய உட்கார்ந்தால், செத்துப்போன மகள் வந்து அவர் விரலைப் பிடித்துக்கொள்கிறாளாம். மாரண்டஹள்ளி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் இப்போது வடைக்குத் தொட்டுக்கொள்ள இந்தக் கதைதான். நல்ல ருசி. ஆனால் உண்மைக் கதை இதைவிடக் காரம்.

சேலத்துப் பதிப்பகம் ஒன்று பிள்ளைகளுக்குப் படப் புத்தகம் போடுகிறது. பெண்களைப் படிக்கவிடாத காலத்தில் வால் நட்சத்திரம் கண்டுபிடித்த ஒரு வெள்ளைக்கார அம்மாளின் வாழ்க்கை. படம் நம் மாதவராஜ். சுவரில் கட்சிச் சின்னம் வரைந்த கை. ஃப்ளெக்ஸ் வந்ததும் கம்ப்யூட்டருக்கு மாறியது. காதுகுத்து முதல் கருமாதி வரை பேனர் அவருடையதுதான். எந்த முகமானாலும் இடது புருவத்தில் ஆரம்பிப்பார். "புருவம் நின்னாத்தான் ஆளு நிக்கும்" என்பார்.

இந்த வெள்ளைக்கார அம்மாளை வரைந்தபோது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு வந்துவிட்டது. அது மகள் பூவிழி சைக்கிளிலிருந்து விழுந்து வாங்கியது. அவள் வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு ஓசூர் போனபோது மாதவராஜ் தலை முழுகினார். தன் கடையிலேயே 'கண்ணீர் அஞ்சலி' பேனர் அடித்து பஸ் ஸ்டாண்டு எதிரில் கட்டினார். விஷயம் தெரியாமல் பேனரை மட்டும் பார்த்தவர்களுக்கு அவள் செத்தவள்.

முதலில் அனுப்பிய சில படங்களைப் பார்த்துவிட்டுப் பதிப்பகத்து அன்பரசி போன் செய்தாள். மாதவராஜுக்குக் காது மந்தம், எப்போதும் ஸ்பீக்கர்தான்.

"அண்ணா, அந்தம்மா வெள்ளைக்காரங்க. நீங்க பாலக்கோடு பஸ்சுல ஏறுற பொண்ணாட்டம் வரைஞ்சிருக்கீங்க."

"கலர மாத்திக் குடுக்கறேனுங்க. மூஞ்சிய மட்டும் உட்ருங்க."

பூவிழிக்குக் குழந்தை இருக்கிறதா என்றுகூட அவருக்குத் தெரியாது. இருந்தால், என்றைக்காவது இந்தப் புத்தகம் அந்த வீட்டுக்குப் போகும், அவள் புருவத்தைப் பார்ப்பாள் என்று ஒரு நினைப்பு. நேரில் போகக் கால் வரவில்லை.

சிறுமிப் பக்கங்கள் மளமளவென்று முடிந்தன. அம்மாளுக்கு வயதானதும், பூவிழி கிழவியானால் எப்படி இருப்பாள் என்று தெரியாமல் கை நின்றுவிட்டது. மனைவி சுகுணாவைக் கூப்பிட்டு எதிரில் உட்காரச் சொன்னார்.

"எதுக்குய்யா?"

"கொஞ்சம் தலைய நிமுத்து."

சுகுணா தாளை எட்டிப் பார்த்தாள். கொண்டையை அவிழ்த்து, நரைத்த முடியை முன்னால் விட்டுக்கொண்டு, அவர் போதும் என்று சொல்லும்வரை அசையாமல் இருந்தாள்.

டீக்கடைக் கதை சேலம்வரை போயிருக்கிறது. நேற்று அவர் எங்களோடு டீ குடித்துக்கொண்டிருந்தபோது மறுபடி அன்பரசியின் போன்.

"கேள்விப்பட்டேன்ணா. மூஞ்சி அப்படியே இருக்கட்டும். மொதப் பக்கத்துல 'மறைந்த மகள் பூவிழி நினைவாக'ன்னு போட்டுடறேன்."

கடையே கேட்டது. மாதவராஜ் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"மறைந்தன்னு போடாதீங்க. எம் பொண்ணு உசுரோட ஓசூர்ல இருக்கறா. அஞ்சலி பேனரு அடிச்சது நானுங்க."